சிவநேசன் பேரில் ஒரு தாள்

"குட் ஆஃப்டர்நூன், புவான் ரோகிணிதானே பேசுறது?" என்று கேட்டது போன் கம்பெனிப் பெண்ணின் குரல். புவான் என்றால் மலாயில் திருமதி.

சிவநேசன் வழக்கம்போலத் தொண்டையைச் செருமி, குரலை ஒல்லியாக்கிக்கொண்டு, "எஸ், ஸ்பீக்கிங்" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஐந்து வருஷமாகப் பேசிப் பழகிய குரல் அது. போன் கம்பெனியில் ஒருவருக்கும் இதுவரை சந்தேகம் வந்ததில்லை. அவருடைய மனைவி அமுதவள்ளியே ஒருமுறை அடுப்படியிலிருந்து, "ரோகிணி, எப்படி வந்த?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆனால் இன்று அவருடைய சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. காலையில்தான் வந்தது. சிவநேசன் இனிமேல் திவாலானவர் அல்ல, அவருக்கு முழு விடுதலை என்று அரசாங்க முத்திரையோடு சொன்ன கடிதம். அதைப் பையில் வைத்துக்கொண்டு பொம்பளைக் குரலில் பேச அவருக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா," என்றார் சொந்தக் குரலில். "என் பேரு சிவநேசன். லைன்தான் ரோகிணி பேர்ல இருக்கு. இனிமே அதை என் பேருக்கு மாத்தணும்."

அந்தப் பக்கத்தில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ரோகிணி எங்க சார்?"

"சுபாங் ஜெயாவுல இருக்கா. என் வைஃபோட தங்கச்சி."

"போன மாசம் பில்லு கூடிருச்சின்னு எங்ககிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டாங்களே, அவங்களா?"

"அது நான்தாம்மா."

"அதுக்கு முந்தி, பிள்ளை பெத்து ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன், பில்லு கட்ட ரெண்டு வாரம் டைம் குடுங்கன்னு அழுதாங்களே?"

"அதுவும் நான்தான்."

"லைன்லயே இருங்க சார்," என்றாள் அந்தப் பெண். குரலில் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு பாட்டு ஓடியது. பாட்டு நின்றது. பிறகு போனே நின்றுவிட்டது. புவான் ரோகிணியின் பாதுகாப்பை முன்னிட்டு இந்த எண் முடக்கப்பட்டுள்ளது என்று திரையில் ஒரு செய்தி வந்தது.

அந்த எண்தான் சிவநேசனின் பிழைப்பு. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை எந்த வீட்டில் ஏர்கான் சொட்டினாலும், எந்தக் கிளினிக்கில் ஏர்கான் இரைந்தாலும், இருபத்திரண்டு வருஷமாக அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். வேனின் இரண்டு பக்கமும் பெரிய நீல எழுத்தில் அதுதான் எழுதியிருக்கிறது.

எண் எப்படி ரோகிணியிடம் போனது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நண்பர் ஒருவர் லோரி வாங்க, சிவநேசன் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பரும் லோரியும் ஒரே நாளில் காணாமல் போனார்கள். கையெழுத்து மட்டும் ஓடாமல் அங்கேயே நின்றது. சிவநேசன் திவாலானார்.

திவாலானவுடன் அவரை முதலில் விட்டுப் போனது சொந்தபந்தம் இல்லை. அவர்களாவது நாலு நாள் வந்து துக்கம் விசாரித்தார்கள். போன் கம்பெனி பத்தே நாளில் கைகழுவியது. பதினெட்டு வருஷமாகத் தீபாவளிக்கு முறுக்கு டின்னும், ஜனவரிக்குக் காலண்டரும் கொண்டுவந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பாசாரில் அவரைக் கண்டதும் மீன் கடைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அந்த வருஷம் சிவநேசன் வீட்டில் காலண்டரே கிடையாது. தேதி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வார்கள்.

வேறு வழியில்லாமல் போன் லைனை மைத்துனி ரோகிணி பேரிலும், வேனை மைத்துனன் முகுந்தன் பேரிலும் போட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது ஒன்றும் புதிய வித்தையில்லை. ஓடுகிற வண்டியில் பாதி வேறு யாரோ பேரில்தான் ஓடுகிறது. ஆனால் ரோகிணியின் பிறந்தநாளுக்குத் தம் போனில் 'ஹேப்பி பர்த்டே ரோகிணி' என்று வருவதும், அதோடு வரும் இலவச கேக்கைத் தாமே போய் வாங்கித் தின்பதும் சிவநேசனுக்கு வருஷா வருஷம் குமட்டியது.

"வள்ளி," என்றார் மனைவியிடம். "என் பேரு போட்டு, என் விலாசம் போட்டு, ஒரே ஒரு தாளாவது இந்த வீட்டுக்கு வரணும். வர்ற வரைக்கும் நான் ஓய மாட்டேன்."

"மொதல்ல போன சரி பண்ணுங்க. ஷா ஆலாம் கிளினிக்ல ஏர்கான் ஒழுகுதுன்னு டாக்டரம்மா என் போனுக்குக் கூப்பிடுறாங்க," என்றாள் அமுதவள்ளி.

மனைவியின் போனிலிருந்து ரோகிணியை அழைத்தார். ரோகிணி சாதாரணமாக மூன்று தடவை அழைத்தால்தான் நாலாவது தடவை வருகிறவள். அன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் சுபாங் ஜெயாவிலிருந்து வந்து நின்றாள்.

"மாமா, உங்க பேருக்கு மாத்தப் போறீங்களா? ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! குடுங்க போன, நானே பேசுறேன்."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அடையாள அட்டையான ஐசியின் எண்ணைச் சரியாகச் சொன்னாள். பிறந்த தேதியைச் சொன்னாள்.

"பாதுகாப்புக் கேள்வி புவான். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு?"

"சாம்பார் சாதம்."

"தப்பு புவான்."

ரோகிணி திரும்பிப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு 'நண்டுப் பெரட்டல்' என்று பதில் கொடுத்தவர் சிவநேசன். அவர் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களைக் கொடுக்காக்கிக் கிள்ளிக் காட்டினார். பக்கவாட்டில் நடந்தும் காட்டினார்.

"சப்பாத்தியா?" என்றாள் ரோகிணி.

"தப்பு புவான்."

சிவநேசன் மேசைக்கு அடியில் போய் ஊர்ந்து வெளியே வந்தார். அமுதவள்ளி தாங்கமுடியாமல், "நண்டுடி!" என்று கத்திவிட்டாள்.

"நண்டா? சீ! நான் சுத்த சைவம்லா!" என்று அலறினாள் ரோகிணி.

"புவான்," என்றாள் அந்தப் பெண் நிதானமாக. "பதில் சரி. ஆனா சொன்னது வேற யாரோ. அதோட, உங்க குரலும் புவான் ரோகிணி குரலா இல்ல. ரோகிணியோட குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும். நாங்க அஞ்சு வருஷமா கேக்குறோம்."

"நான்தான்டி ரோகிணி!"

"மதியம் ஒருத்தர், இத்தன நாளா ரோகிணியாப் பேசுனது நான்தான்னு சொன்னாரு. இப்ப நீங்க சொல்றீங்க. ரெண்டு பேரும் ஐசி எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க."

மறுநாள் காலை கிள்ளானில் இருந்த போன் கம்பெனியின் கடைக்கு நேரில் போனார்கள். கவுண்டரில் இருந்த இளைஞன் ரோகிணியின் கட்டை விரலை மெஷினில் வைக்கச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. சிவநேசன் விரலை வைத்தார். சிவப்பு. துடைத்து வைத்தார். சிவப்பு. முப்பது வருஷம் ஏர்கான் கழுவும் அமிலத்தில் ஊறிய விரலில் ரேகை எங்கே இருக்கும்?

"விரல்ல ஒண்ணுமே இல்ல பாஸ்," என்றான் இளைஞன், அவர் கையைத் திருப்பிப் பார்த்து. "பரவால்ல, உங்க பேரும் விலாசமும் போட்ட தாள் ஒண்ணு காட்டுங்க. கரண்டு பில்லு?"

"வீட்டுக்காரர் பேர்ல வருது."

"அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

"அவரு செத்து ஆறு வருஷமாச்சு."

"தண்ணி பில்லு?"

"அதுவும் அவருக்குத்தான் வருது."

"பேங்க் ஸ்டேட்மென்ட்? கிரெடிட் கார்டு?"

சிவநேசன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். இளைஞன் முழுதாகப் படித்தான். "இதுல பேங்க்ரப்ட்னு போட்டிருக்கு பாஸ்."

"இல்லேன்னு போட்டிருக்கு தம்பி. கடைசி வரியப் படிங்க."

"ஆனா வார்த்தை இருக்குல்ல. இத ஸ்கேன் பண்ணா சிஸ்டம் உங்களத் தூக்கி வெளிய போட்டுரும்." அவன் கொஞ்சம் யோசித்தான். "கார் இன்சூரன்ஸ் இருக்கா? கவர் நோட்ல பேரு, விலாசம் எல்லாம் இருக்கும். அது போதும்."

சிவநேசனுக்கு வெளிச்சம் தெரிந்தது. வேன் இன்சூரன்ஸ் அந்த மாதமே முடிகிறது. புதுப்பிக்கும்போது தம் பேரில் எடுத்துவிட்டால் தாள் வந்துவிடும். தாள் வந்தால் எண் வந்துவிடும், வண்டியும் வந்துவிடும். ஒரே ஒரு இடைஞ்சல் முகுந்தன்.

முகுந்தனிடமிருந்து அந்த வேனை வாங்குவது லேசான காரியமில்லை என்று சிவநேசனுக்குத் தெரியும். ஐந்து வருஷம் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக இன்சூரன்ஸ் கட்டணத்தில் ஐம்பத்தைந்து சதவீதக் கழிவு முகுந்தன் பேரில் சேர்ந்திருந்தது. கவனமாக வண்டி ஓட்டுகிறவர் என்று பாராட்டி இன்சூரன்ஸ் கம்பெனி வருஷத்துக்கு ஒரு குடை வேறு அனுப்பியது. ஐந்து குடைகளையும் அவன் சுபாங் ஜெயா கடையில் வரிசையாக மாட்டி வைத்திருந்தான். சாலையில் வேகமாகப் போகிறவர்களைப் பார்த்தால், "பொறுப்பில்லாதவனுங்க" என்பான். முகுந்தனுக்கு லைசென்ஸ் கிடையாது. மூன்று தடவை பரீட்சையில் தோற்றவன்.

சிவநேசன் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனார். அவன் ரோகிணியோடு சேர்ந்து நடத்தும் பபிள் டீ கடையில் உட்கார்ந்து, "மாப்ள, அந்தக் கழிவு விசயம்..." என்று ஆரம்பித்தார்.

"எடுத்துக்குங்க மாமா," என்றான் முகுந்தன்.

"இல்ல மாப்ள, அது ஆளுக்கு ஆள் மாத்த முடியாதாம். எனக்குச் சைபர்ல இருந்துதான் தொடங்குமாம். கட்டணம் ரெண்டு மடங்குக்கு மேல வரும்."

"அந்த வித்தியாசத்த நான் கட்டுறேன்."

சிவநேசன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாண வீட்டில் பந்தியில் தனக்கு எத்தனை வடை வைத்தார்கள், பக்கத்து இலைக்கு எத்தனை வைத்தார்கள் என்று எண்ணுகிறவன் இந்த முகுந்தன்.

"உங்க பேரு சுத்தமாயிருச்சு மாமா. அதுக்கு மேல என்ன வேணும் நமக்கு?" என்றான். கண்கள் கலங்கியிருந்தன. சிவநேசனுக்கும் கலங்கியது. திவாலாகிப் படுத்துக் கிடந்தபோது தெரியாத அருமையெல்லாம் எழுந்து நிற்கும்போது தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல் மாடியில் விஷ்ணுப்ரியாவின் இன்சூரன்ஸ் அலுவலகம். சின்னப் பெண், வேலையில் கெட்டிக்காரி. முகுந்தனின் வண்டிகளுக்கெல்லாம் அவள்தான் ஏஜெண்ட். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஒருவரைக் கவனிக்கப் போனாள். சிவநேசன் பேனாவை எடுத்தார். கம்பெனிக்கும் தமக்கும் இனி ஒளிவு மறைவே கூடாது என்று முடிவு செய்திருந்தார். எல்லாவற்றையும் எழுதினார். தாள் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினார். பக்கத்து மேசைப் பையன் அதை வாங்கி ஸ்கேன் பண்ணித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான்.

விஷ்ணுப்ரியா திரும்பி வந்து பார்த்தாள். "அங்கிள், என்னது இது?"

"நான் பேங்க்ரப்ட் ஆன கதை. லோரி வாங்குனதுல இருந்து விடுதலை வரைக்கும் தேதி போட்டு எழுதியிருக்கேன்."

"ஃபார்ம்ல அந்தக் கேள்வியே இல்லையே அங்கிள்!"

"கேக்கலேன்னா மறைக்கலாமா?"

"வேன் இன்சூரன்ஸுக்கு அதெல்லாம் கேக்க மாட்டாங்க. சும்மா கையெழுத்துப் போட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல கவர் நோட் வந்திருக்கும். இப்ப ஸ்கேன் ஆகிப் போயிருச்சு. தலைமை ஆபீஸ்ல கண்டிப்பா நிறுத்துவாங்க."

நிறுத்தினார்கள். செய்தி கேட்டு முகுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏன் மாமா எழுதுனீங்க? ஏன்?" என்று கிட்டத்தட்ட அழுதான். ரோகிணி கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். நம் காரியத்துக்கு இவர்கள் இப்படித் துடிக்கிறார்களே என்று சிவநேசனுக்கு இன்னும் உறுதி கூடியது.

கோலாலம்பூரில் இருந்த அந்தத் தலைமை அலுவலகத்துக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டார். திருமுருகன் என்ற அதிகாரி அவருடைய கடிதத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க லெட்டர் விடுதலைன்னு சொல்லுது. எங்க சிஸ்டம்ல இன்னும் பேங்க்ரப்ட்னுதான் காட்டுது. சிஸ்டம் மாறட்டும், அப்புறம் பாக்கலாம்."

"எப்ப மாறும் சார்?"

"மாறும்போது மாறும்."

"அப்ப நான் வெயிட் பண்றேன்," என்று சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எழுந்தார்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். அவருக்கு வலப்பக்கம் முகுந்தன், இடப்பக்கம் ரோகிணி. இருவரும் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்கள்.

"இவங்க யாரு?" என்றார் திருமுருகன்.

"குடும்பம் சார்."

"மூணு பேரும் எதுக்கு?"

"எங்க மாமா பேருக்காக சார்," என்றாள் ரோகிணி. "எத்தன நாளானாலும் உக்காருவோம்."

பன்னிரண்டரைக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கும் பிரித்துச் சாப்பிட்டார்கள். வாசனை மூன்றாவது மாடி வரைக்கும் போனது. அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

மூன்றாம் நாள் திருமுருகனின் தலைக்கு மேலிருந்த ஏர்கான் சொட்ட ஆரம்பித்தது. அவர் நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். சிவநேசனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேனிலிருந்து ஏணியைக் கொண்டுவந்துவிட்டார்.

"ஒண்ணும் வேணாம், கான்ட்ராக்டர் வருவாரு," என்றார் திருமுருகன்.

"எப்ப சார் வருவாரு?"

"வரும்போது வருவாரு."

"அஞ்சே நிமிசம் சார்," என்று சிவநேசன் மேலே ஏறி மூடியைக் கழற்றினார். உள்ளே எத்தனை மாதத் தண்ணீர் தேங்கியிருந்ததோ, அத்தனையும் ஒரே வீச்சில் கீழே வந்தது. கம்ப்யூட்டர் தப்பியது. திருமுருகன் தப்பவில்லை.

ரோகிணி ஓடிப்போய்த் தன் துப்பட்டாவால் அவர் தலையைத் துவட்டினாள். முகுந்தன் அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டான். சிவநேசன் மட்டும் ஏணியை விட்டு இறங்கவில்லை. குழாயை ஊதி, சக்கையைத் தோண்டி, ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டுத்தான் இறங்கினார். இரண்டு வருஷத்தில் முதன்முறையாக அந்த அறை குளிர்ந்தது.

நனைந்த சட்டையோடு குளிரில் நடுங்கிக்கொண்டே திருமுருகன் கேட்டார். "எவ்வளவு வேணும் உங்களுக்கு?"

"காசு வேணாம் சார். என் பேரு போட்டு ஒரு தாள் குடுங்க."

"நாளைக்கும் வருவீங்களா?"

"குடுக்கிற வரைக்கும் வருவேன் சார்."

"இவங்களும்?"

"நாங்களும்," என்றார்கள் முகுந்தனும் ரோகிணியும் ஒரே குரலில்.

திருமுருகன் ஈரக் கையால் விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று பிற்பகல் விஷ்ணுப்ரியாவின் அலுவலகத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அமுதவள்ளி நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அச்சு இயந்திரம் முனகியது, ஒரு தாளைத் தள்ளியது. விஷ்ணுப்ரியா அதை இரண்டு கைகளாலும் எடுத்துச் சிவநேசனிடம் கொடுத்தாள்.

சிவநேசன் படித்தார். வண்டி எண் அவருடையது. விலாசம் அவருடையது. மேலே, கறுப்பு எழுத்தில், சிவநேசன் த/பெ வேலாயுதம். வேறு யாருடைய பேரும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். ஐந்து வருஷமாக ரோகிணியாகப் பேசியவர் அதை மனைவியிடம் நீட்டினார்.

"வள்ளி, பாரு. நான்தான்," என்றார்.

"நீங்கதாங்க," என்றாள் அமுதவள்ளி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சிவநேசன் மைத்துனன் பக்கம் திரும்பினார். "மாப்ள, ரோகிணி, நான் விழுந்தப்ப ஆளாளுக்கு ஓடிப் போனாங்க. நீங்க ரெண்டு பேரும் கடைய மூடிட்டு எனக்காக வந்து உக்காந்தீங்க. இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்யிறேன்."

முகுந்தன் தரையைப் பார்த்தான். ரோகிணி கூரையைப் பார்த்தாள்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு அங்கிள், எந்திரிக்காதீங்க," என்று விஷ்ணுப்ரியா சிரித்துக்கொண்டே மூன்று விண்ணப்பங்களை அவர் முன்னால் பரப்பிப் பேனாவை நீட்டினாள். "முகுந்தன் அண்ணன் காரு, ரோகிணி அக்கா காரு, கடை லோரி, மூணையும் இன்னைக்கே உங்க பேருக்கு மாத்திடலாம், அவங்க ரெண்டு பேருக்கும் அடுத்த மாசம் கோர்ட்டுல பேங்க்ரப்ட் ஆர்டர் வருதே, உங்ககிட்ட சொல்லலையா?"